மேடையில் பிறக்கும் கிட்டார் சோலோ: டுவேன் ஆல்மனை முன்வைத்து ஓர் அறிமுகம்

1959-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் இருந்த பாட்டியைப் பார்க்கச் சென்றிருந்த இரண்டு சிறுவர்கள், அங்கே நடந்த ரிதம் அண்ட் புளூஸ் இசை நிகழ்ச்சி ஒன்றுக்குப் போனார்கள். அண்ணன் டுவேன் ஆல்மன், தம்பி கிரெக் ஆல்மன். இருவரும் பதின்வயதைக்கூட எட்டாதவர்கள். அன்று மேடையில் புளூஸ் கலைஞர் பி.பி. கிங் கிட்டார் வாசித்தார். அந்த வாசிப்பைக் கேட்டு மெய்ம்மறந்த அண்ணன், இதில் நாமும் இறங்கியே தீர வேண்டும் என்று தம்பியிடம் சொன்னதாக ஆல்மன் சகோதரர்களின் வரலாற்றைப் பேசுபவர்கள் எல்லோரும் குறிப்பிடுவார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதே அண்ணன் நியூயார்க் மேடை ஒன்றில் வாசித்த சோலோக்கள், ஒலிப்பதிவு வழியாக இன்றுவரை எத்தனையோ பேரைக் கிட்டாரின் பக்கமும் இசையின் பக்கமும் இழுத்து வந்திருக்கின்றன.

ஒருவர் மேடையில் நின்று சில நிமிடங்கள் கிட்டார் வாசிப்பது, கேட்பவரை வாழ்நாள் முழுவதும் இசைப் பித்தராக ஆக்கிவிடுவது எப்படி? அந்தச் சில நிமிடங்களில் உண்மையில் என்னதான் நடக்கிறது? மேற்கத்திய இசையில் எந்தப் பயிற்சியும் இல்லாதவர்களை மனத்தில் வைத்து இதை விளக்க முயல்கிறேன். கர்நாடக இசைக் கச்சேரிகளைக் கேட்டுப் பழகியவர்களுக்குச் சில இடங்கள் இன்னும் எளிதாகப் புரியும்.

ராக் பாடலில் பாடகரின் குரல் நின்று, ஒரே ஒரு வாத்தியம் முன்னே வந்து, மற்ற வாத்தியங்கள் அதற்குத் துணையாகப் பின்னே நகரும் பகுதியைத்தான் சோலோ என்கிறார்கள். பெரும்பாலும் அந்த வாத்தியம் எலெக்ட்ரிக் கிட்டாராக இருக்கும். ஸ்டூடியோவில் பதிவாகும் சோலோ அரை நிமிடமோ ஒரு நிமிடமோ நீடிக்கும். சரியாக வரவில்லை என்றால் திரும்ப வாசிக்கலாம், நன்றாக அமைந்த துண்டுகளை மட்டும் ஒட்டிச் சேர்க்கவும் செய்யலாம். மேடையில் அந்த வசதி கிடையாது. சில குழுவினர் ஸ்டூடியோவில் பதிவான சோலோவை மேடையிலும் சுரம் பிசகாமல் அப்படியே வாசிப்பார்கள். அதிலும் ஓர் அழகு உண்டு, ரசிகர்களும் அதை எதிர்பார்த்தே வருவார்கள். வேறு சிலரோ சோலோவின் நீளம், போக்கு, உச்சம் எல்லாவற்றையும் அந்த நேரத்துக்கே விட்டுவிடுகிறார்கள். நாம் மனோதர்மம் என்று சொல்லும் இந்த இரண்டாம் வகையைப் பற்றியதே இக்கட்டுரை.

எதையும் திட்டமிடாமல் மேடையேறிவிடுகிறார்கள் என்று இதற்குப் பொருளில்லை. எது மாறாது என்பதில் குழுவினர் அனைவரும் முன்பே உடன்பட்டிருப்பதால்தான் மற்றதை மாற்றிப் பார்க்கும் துணிச்சல் வருகிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த, ராக் இசையின் தாய்வீடான புளூஸில் இந்த மாறாத சட்டகம் மிகவும் எளிமையானது. நான்கு எண்ணிக்கை கொண்ட பார் என்னும் அளவு பன்னிரண்டு முறை வருவது ஒரு சுற்று. அதாவது 48 எண்ணிக்கைகள். கார்ட் என்பது பல சுரங்களை ஒருசேர ஒலிக்கச் செய்யும் கூட்டு. இந்தச் சுற்றின் முதல் நான்கு பார்களில் ஆதார சுரமான சட்ஜத்தின் மேல் எழும் கார்ட் ஒலிக்கும். அடுத்த இரண்டில் மத்திமத்தின் மேல் எழும் கார்ட். மீண்டும் இரண்டு பார்கள் சட்ஜம். பிறகு பஞ்சமத்துக்கு ஏறி, மத்திமம் வழியாக இறங்கி, சட்ஜத்தில் வந்து அமரும். சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சோலோ வாசிப்பவர் இதைப் போலப் பத்துச் சுற்று வேண்டுமானாலும் போகலாம். எந்த நொடியில் தரை நகரும் என்பது அவருக்கும் தெரியும், டிரம்ஸ் வாசிப்பவருக்கும் தெரியும், இரண்டு மூன்று சுற்றுகள் கேட்டுவிட்ட ரசிகருக்கும் தெரியத் தொடங்கிவிடும். கேட்பவருக்கு எதிர்பார்ப்பு உருவாவதும் அப்போதுதான். எதிர்பார்ப்பு இருந்தால்தான் அதை நிறைவேற்றுவதற்கும் ஏமாற்றுவதற்கும் இடமிருக்கும்.

அந்தச் சட்டகத்துக்குள் உலவப் பயன்படும் சுரங்களும் அதிகமில்லை. ராக் கிட்டார் கற்பவர் முதன்முதலில் விரல் பழகும் சுரவரிசை ஐந்தே சுரங்கள் கொண்டது. அதை மைனர் பென்டடானிக் என்பார்கள். சட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். நம்மிடம் இதே ஐந்து சுரங்களுடன் சுத்த தன்யாசி இருக்கிறது. மேஜர் பென்டடானிக் என்னும் இன்னொரு வரிசையின் சுரங்கள் மோகனத்தின் சுரங்கள். சுரங்கள் ஒன்றாக இருப்பதால் இசை ஒன்றாகிவிடாது. ராகத்துக்குரிய சஞ்சாரங்களும் பிடிகளும் புளூஸுக்கு இல்லை, புளூஸுக்கு உரிய நடையும் நெளிவும் சுத்த தன்யாசிக்கு இல்லை. ஆனாலும் ராக் சோலோவைக் கேட்கும் தமிழ்க் காதுக்கு ஏதோ தெரிந்த முகம் போலத் தோன்றுவதற்கு இந்த உறவு ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

ஐந்து சுரங்கள் மட்டும் என்றால் ஒரு மணி நேரத்தில் அலுத்துவிட வேண்டுமே என்று கேட்கலாம். அலுக்காமல் இருப்பதற்கு முதற்காரணம், சுரங்களுக்கு இடையில் இருக்கும் வெளி. கிட்டாரின் கழுத்தில் ஃபிரெட் எனப்படும் உலோகக் கம்பிகள் குறுக்கே பதிக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு சுரத்துக்கும் இடம் நிலையாக வகுக்கப்பட்டுவிட்டது. அந்தக் கட்டுப்பாட்டை மீற வாசிப்பவர் தந்தியை வளைக்கிறார். வலக்கையால் மீட்டிய அதே நொடியில், இடக்கையின் மோதிர விரலால் அழுத்திய தந்தியை, நடுவிரலும் ஆள்காட்டி விரலும் பின்னால் முட்டுக்கொடுக்க, மேல்நோக்கித் தள்ளுகிறார். தந்தியின் இழுவிசை கூடுகிறது, சுருதி ஏறுகிறது. ஒரு முழு சுரம் அளவுக்கு ஏற்ற வேண்டுமானால் இழுவிசை ஏறத்தாழ கால் பங்கு கூட வேண்டும். அதற்கு எவ்வளவு தள்ள வேண்டும் என்பதைக் கண்ணால் அளக்க முடியாது, காதுதான் சொல்ல வேண்டும். வீணைக் கலைஞர் மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எழுப்புவதும் இதே இயற்பியல்தான்.

வளைத்த தந்தியை அந்த உயரத்தில் நிறுத்திவிட்டு மணிக்கட்டை மெல்ல அசைத்தால், சுரம் நடுங்கத் தொடங்கும். இதற்கு விப்ராட்டோ என்று பெயர். பி.பி. கிங்கின் அடையாளமே இந்த நடுக்கம்தான். அவருடைய உறவினரான பக்கா ஒயிட், தந்தியின் மேல் குழாயை வழுக்கி வாசிப்பதில் வல்லவர். தமக்கு அது கைவரவில்லை என்பதால் அந்த ஒலியை வெறும் விரலால் கொண்டுவர முயன்றதே தம் விப்ராட்டோவாக உருவானது என்று கிங் சொல்லியிருக்கிறார். புளூஸில் இன்னொரு நுட்பமும் உண்டு. சாதாரண காந்தாரத்தை வாசித்து, அதை அந்தர காந்தாரத்தை நோக்கிச் சற்றே வளைத்து, அங்கே போய்ச் சேராமல் நடுவழியில் நிறுத்திவிடுவது. பியானோவில் இந்தச் சுரத்துக்குக் கட்டையே இல்லை. துயரமும் குறும்பும் ஒருசேரத் தொனிக்கும் அந்த ஒலி புளூஸ் பாடகர்களின் தொண்டையிலிருந்து கிட்டாருக்கு வந்தது.

எலெக்ட்ரிக் கிட்டாரின் இன்னொரு பாதி ஆம்ப்ளிஃபையரில் இருக்கிறது. உலோகத் தந்தி அதிரும்போது, அதன் கீழே பொருத்தப்பட்டுள்ள காந்தச் சுருளில் சிறு மின்னோட்டம் தோன்றுகிறது. ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்குகிறது. அக்கால ஆம்ப்ளிஃபையர்களில் இருந்த வால்வுகளை அவற்றின் வரம்புக்கு மேல் இயக்கும்போது மின்னலைகளின் முகடுகள் வெட்டுப்படும். ரேடியோவில் இது பழுதாகத் தோன்றும். கிட்டாரிலோ இதுவே வரம். முகடுகள் வெட்டுப்படுவதால் மீட்டிய கணத்தின் ஓங்கிய ஒலிக்கும் அதன் பிறகு தேய்ந்து வரும் ஒலிக்கும் இடையே உள்ள வேறுபாடு குறைகிறது, ஆகவே சுரம் நீண்டு நிற்பது போலக் கேட்கிறது. புதிய மேற்சுரங்கள் சேர்வதால் கரகரப்பும் கனமும் கூடுகின்றன. ஒலி இன்னும் கூடினால், ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியே தந்தியை மீண்டும் அதிரச் செய்யும். அப்போது கையை எடுத்துவிட்டாலும் சுரம் ஓயாது. சாதாரண கிட்டாரில் மீட்டியவுடன் மங்கிவிடும் சுரம், இங்கே பாடகரின் மூச்சுப் போலவோ நாகஸ்வரத்தின் கார்வை போலவோ நீளத் தொடங்கிவிடுகிறது. குரலைப் போல நீளும் சுரம் கிடைத்த பிறகுதான் கிட்டார் பாடகருக்குப் பதிலாக மேடையின் முன்னே வந்து நிற்கும் தகுதியைப் பெற்றது.

இனி வாசிப்பவரின் மனத்துக்குள் போகலாம். பி.பி. கிங் பாடும்போது கிட்டார் வாசிக்கமாட்டார். ஒரு வரி பாடி நிறுத்துவார், கிட்டார் அதற்குப் பதில் சொல்லும், பிறகு அடுத்த வரி. சோலோவிலும் இந்தக் கேள்வி-பதில் நடை தொடர்ந்தது. நான்கைந்து சுரங்களில் ஒரு வாக்கியம், சிறு மௌனம், அதையே சற்று மாற்றி இன்னொரு வாக்கியம். அந்த மௌனத்தில் கேட்பவரின் மனம் முந்தைய வாக்கியத்தை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறது. இதைக் கைவிட்டு ஓயாமல் சுரங்களைக் கொட்டுபவர்கள் ராக் உலகில் நிறைய உண்டு. விரல் வேகத்தைக் கொண்டு சோலோவை மதிப்பிடும் பழக்கம் எப்படியோ பரவிவிட்டது; கேட்கத் தொடங்குபவர் அதைப் பொருட்படுத்தாமல் இருப்பதே நல்லது. வேகம் ஒரு கருவி, அதற்குரிய இடத்தில் வந்தால் போதும்.

டுவேன் ஆல்மன் முதலில் ஸ்டூடியோக் கலைஞராகத்தான் பெயரெடுத்தார். அலபாமா மாநிலத்தின் மஸில் ஷோல்ஸில் இருந்த ஃபேம் ஸ்டூடியோவில் பிறருடைய பாடல்களுக்கு வாசித்தார். 1969 மார்ச்சில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் உருவானது. விரைவிலேயே குழுவினர் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். தம்பி கிரெக் ஆர்கன் வாசித்துப் பாடினார். டிக்கி பெட்ஸ் இரண்டாவது கிட்டார். பெர்ரி ஓக்லி, தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிட்டார். டிரம்ஸுக்கு புட்ச் டிரக்ஸ், ஜெய்மோ என இருவர்.

டுவேனுடைய தனித்துவம் ஸ்லைடு வாசிப்பு. விரலில் ஒரு குழாயை மாட்டிக்கொண்டு தந்தியின் மேல் வழுக்கிச் செல்வது இந்த முறை. ஃபிரெட்டுகள் இருந்தும் இல்லாதது போல ஆகிவிடுகின்றன, எந்த இரு சுரங்களுக்கு இடையிலும் தொடர்ச்சியாக நகரலாம். டுவேனுக்கு உடல்நிலை சரியில்லாமல் இருந்த ஒரு பிறந்தநாளில், தம்பி கிரெக் புளூஸ் கலைஞர் தாஜ் மஹாலின் இசைத்தட்டையும் ஒரு பாட்டில் சளி மாத்திரையையும் கொடுத்தார். மாத்திரைகளைக் கொட்டிவிட்டு, கோரிசிடின் என்ற அந்த மருந்தின் கண்ணாடிக் குப்பியையே மோதிர விரலில் மாட்டிக்கொண்டு டுவேன் ஸ்லைடு பழகத் தொடங்கினார். குப்பிக்குப் பின்னால் இருக்கும் விரல்களால் தந்தியை மெல்லத் தொட்டுத் தேவையற்ற அதிர்வை அடக்குவதும், மீட்டுக்கட்டை இல்லாமல் வலக்கை விரல்களாலேயே மீட்டுவதும் அவருடைய வழக்கம். கண்ணாடி தந்தியில் உரசுகிற இரைச்சல் அடங்கி, ஹார்மோனிகாவையோ குரலையோ ஒத்த ஒலி மட்டும் மிஞ்சியது இதனால்தான்.

இன்னொரு பாதிப்பு ஜாஸிலிருந்து வந்தது. ஜாஸ் ரசிகரான ஜெய்மோ, மைல்ஸ் டேவிஸையும் ஜான் கோல்ட்ரேனையும் டுவேனுக்குப் பழக்கிவைத்தார். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ 1959-இல் வெளிவந்த இசைத்தட்டு; அதில் கோல்ட்ரேனும் வாசித்திருக்கிறார். கார்ட்கள் விரைவாக மாறிக்கொண்டே இருக்கும் ஜாஸ் வழக்கத்துக்கு மாறாக, ஒரே சுரவரிசையின் மேல் நெடுநேரம் தங்கி விரித்துச் செல்லும் முறையை அந்தத் தட்டு பரவலாக்கியது. தம்முடைய நீண்ட சோலோக்களின் ஊற்று அங்கேதான் இருக்கிறது என்று டுவேனே சொல்லியிருக்கிறார். கார்ட் மாறாதபோது வாசிப்பவருக்குக் கிடைக்கும் சுதந்திரம் பெரிது, ஆபத்தும் பெரிது. சட்டகம் தானாக நகராததால் கதையை நகர்த்தும் பொறுப்பு முழுவதும் அவர் தலையில் விழுகிறது. ஆலாபனை செய்யும் வித்வான் நன்கு அறிந்த பொறுப்பு இது.

இவை எல்லாம் ஒன்றுசேர்ந்த இடம் ஃபில்மோர் ஈஸ்ட். பில் கிரஹாம் என்ற நிகழ்ச்சி அமைப்பாளர் 1968 மார்ச்சில் நியூயார்க்கின் செகண்ட் அவென்யூவில் தொடங்கிய அரங்கம் அது. 1971 ஜூனில் மூடப்பட்டுவிட்டது. மூன்றே ஆண்டுகள்தான் என்றாலும், அங்கே வந்த கூட்டம் கூர்ந்து கேட்கத் தெரிந்த கூட்டம் என்று கலைஞர்களிடையே பெயரெடுத்திருந்தது. 1971 மார்ச்சில் ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் அங்கே அடுத்தடுத்த இரவுகளில் வாசித்தபோது, தயாரிப்பாளர் டாம் டவுட் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வெளியே நிறுத்திப் பதிவு செய்தார். ஜூலையில் ‘அட் ஃபில்மோர் ஈஸ்ட்’ என்ற இரட்டை இசைத்தட்டாக அது வெளிவந்தது. நான்கு பக்கங்களிலும் சேர்த்து ஏழே பாடல்கள். அவற்றில் ஒன்று 19 நிமிடம்; இன்னொன்று 22 நிமிடத்தையும் தாண்டி ஒரு முழுப் பக்கத்தையும் பிடித்துக்கொண்டது. வானொலியில் மூன்று நிமிடப் பாட்டே வழக்கமாக இருந்த காலத்தில் இது வணிக ரீதியாக விவேகமான முடிவு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தட்டு நன்றாகவே விற்றது. 2004-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் அதைச் சேர்த்துக்கொண்டது.

அந்தத் தட்டில் ஒரு சோலோவை மட்டும் சற்று நெருங்கிக் கேட்கலாம். ‘இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்’ என்பது டிக்கி பெட்ஸ் அமைத்த, பாட்டு வரிகளே இல்லாத வாத்திய இசை. மேக்கனின் ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டத்தில் இருந்த ஒரு நினைவுக்கல்லிலிருந்து எடுத்த பெயர் அது. ஃபில்மோர் வடிவம் ஏறத்தாழ 13 நிமிடம். மீட்டும் ஓசை தெரியாமல் கிட்டாரின் ஒலியளவுக் குமிழைத் திருகித் திருகி, வயலின் வில்லை இழுப்பது போலச் சுரங்களை உப்பவைத்து பெட்ஸ் தொடங்குகிறார். பிறகு இரண்டு கிட்டார்களும் இணைந்து மூல மெட்டை வாசிக்கின்றன. பெட்ஸின் சோலோ, கிரெக்கின் ஆர்கன் சோலோ ஆகியவற்றுக்குப் பிறகு டுவேன் வருகிறார்.

வருகிறார் என்பதுகூட உடனே தெரியாது. ஆர்கன் அடங்கும் இடத்தில், மூல மெட்டை ஒட்டிய சில சுரங்களை அவர் தாழ்ந்த குரலில் சொல்லிப் பார்க்கிறார். அடுத்து வாக்கியங்கள் நீள்கின்றன. ஒரே சிறு துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒவ்வொரு முறையும் தாளத்தில் அது விழும் இடத்தைச் சற்றே நகர்த்துகிறார். பெர்ரி ஓக்லியின் பேஸ் கீழே சும்மா துணைபோகாமல் தானும் ஒரு மெட்டைக் கட்டி எதிர்வாசிப்பாக ஏறுகிறது. இரண்டு டிரம்ஸும் அழுத்தத்தைக் கூட்டுகின்றன. சுரங்கள் மேல் ஸ்தாயிக்குப் போய் ஓர் உச்சம் வருகிறது. இங்கே முடித்திருந்தால் நல்ல சோலோ என்று கைதட்டி அனுப்பியிருப்பார்கள். டுவேன் முடிக்கவில்லை. ஒலியைத் தணித்து, கிட்டத்தட்டத் தொடங்கிய இடத்துக்கே இறங்கிவருகிறார். குழுவினர் ஐவரும் ஒரு சைகையும் இல்லாமல் கூடவே இறங்குகிறார்கள். சிறிது நேரம் அந்தத் தணிவில் உலவிவிட்டு, மறுபடி ஏறி, முன்னதைவிட உக்கிரமான இரண்டாவது உச்சத்தைத் தொடுகிறார். முதல் உச்சத்தை முடிவு என்று நினைத்திருந்தவருக்கு, அது பாதி வழிதான் என்று இப்போது தெரிகிறது.

என்னைக் கேட்டால், மேடை சோலோவில் மனம் பறிபோவது இத்தகைய இடங்களில்தான். சுரங்களின் இனிமைக்கு மேலாக, ஒரு மனிதர் நம் காதெதிரே முடிவெடுப்பது கேட்கிறது: இங்கே நிறுத்தலாமா, இன்னும் போகலாமா, இறங்கிவிட்டு ஏறலாமா. அந்த முடிவின் விளைவு என்ன ஆகும் என்பது அவருக்கும் அப்போது தெரியாது. அந்த நிச்சயமின்மையில் கேட்பவரும் பங்கெடுக்கிறார். கட்டி முடித்த பாடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைக் கேட்கும்போது நமக்கு இந்தப் பங்கு கிடைப்பதில்லை.

எல்லாமே அந்த நொடியில் புதிதாகப் பிறக்கின்றன என்றும் எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு கலைஞரிடமும் லிக் எனப்படும் பழகிய சிறு தொடர்கள் ஒரு கையிருப்பாக இருக்கும். டுவேனிடமும் இருந்தன, வெவ்வேறு இரவுகளின் பதிவுகளை ஒப்பிட்டால் அவை திரும்ப வருவது நன்றாகவே தெரியும். நாம் பேசும்போதும் சொற்களைப் புதிதாக உண்டாக்குவதில்லை. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் என்பதில்தான் பேச்சு நம்முடையதாகிறது. தாளம் எளிமையாகவே இருக்கும் என்ற எண்ணமும் எப்போதும் பொருந்தாது. அதே தட்டில் உள்ள ‘விப்பிங் போஸ்ட்’ பாடலின் தொடக்கம், மூன்று, மூன்று, மூன்று, இரண்டு என்று பிரியும் 11 எண்ணிக்கைச் சுழற்சி; கூட்டினால் நம் திஸ்ர ஜாதி துருவ தாளத்தின் 11 அட்சரங்கள், பிரிப்பு மட்டும் வேறு. அது 11 என்பதே அந்தப் பாடலை எழுதிய கிரெக்குக்குத் தெரியாதாம். அண்ணன்தான் எண்ணிச் சொன்னார்.

மேடை சோலோ அந்த நாளோடு எப்படிப் பிணைந்துவிடும் என்பதற்கு அதே ஆண்டில் இன்னொரு சான்று உண்டு. டுவேனின் நண்பரான சாக்ஸபோன் கலைஞர் கிங் கர்டிஸ், 1971 ஆகஸ்ட் 13 அன்று நியூயார்க்கில் தம் வீட்டு வாசலில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். ஆகஸ்ட் 26 அன்று அதே நகரில் ஏ அண்ட் ஆர் ஸ்டூடியோவிலிருந்து ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் வானொலியில் நேரடியாக வாசித்தது. ‘யூ டோன்ட் லவ் மீ’ பாடலின் நீண்ட சோலோவுக்கு நடுவே டுவேன் மெல்ல, கர்டிஸின் பெயர்பெற்ற ‘சோல் செரனேட்’ மெட்டுக்குள் நுழைந்தார். வாசித்துக்கொண்டிருந்த பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. குழு அந்த மெட்டை அடையாளம் கண்டு பின்தொடர்ந்தது. சிறிது நேரம் அதில் தங்கிவிட்டு மீண்டும் பழைய பாட்டுக்குத் திரும்பினார்கள். ஃபில்மோரில் ஐந்து மாதங்களுக்கு முன் வாசித்த அதே பாட்டுடன் இதை ஒப்பிட்டுக் கேட்டால், சட்டகம் ஒன்றாகவே இருந்தும் உள்ளே நடப்பது எவ்வளவு மாறக்கூடும் என்பது விளங்கிவிடும்.

அந்த ஆண்டு அக்டோபர் 29 அன்று மேக்கனில் நடந்த மோட்டார்சைக்கிள் விபத்தில் டுவேன் இறந்தார். வயது 24. ஃபில்மோர் தட்டு வெளிவந்து நான்கு மாதம்கூட முழுமையாக ஆகவில்லை.

பதிவுகள் தம் வேலையைத் தொடர்ந்து செய்தன. டிரம்ஸ் கலைஞர் புட்ச் டிரக்ஸின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளையான டெரெக் டிரக்ஸ் 1979-இல், அதாவது டுவேன் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்தவர். வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஃபில்மோர் தட்டைக் கேட்டு வளர்ந்த அவர், ஒன்பது வயதில், பழைய சாமான் விற்பனையில் ஐந்து டாலருக்கு வாங்கிய கிட்டாரில் தொடங்கினார். சிறுவனின் கைக்கு ஃபிரெட்டை அழுத்துவதைவிடக் குழாயை வழுக்குவது எளிதாக இருந்ததால் ஸ்லைடே அவருடைய மொழியாகிவிட்டது. ஆறு தந்திகளையும் வெறுமனே மீட்டினாலே ஒரு முழு கார்ட் ஒலிக்கும்படி டுவேன் வைத்துக்கொண்ட சுருதியமைப்பைத்தான் டெரெக்கும் வைத்துக்கொண்டார். பிற்காலத்தில் கலிஃபோர்னியாவில் உள்ள அலி அக்பர் இசைக் கல்லூரியிலும் அவர் பயின்றார். சரோதின் மெட்டில்லாத உலோகத் தகட்டின் மேல் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் மீண்ட் என்னும் நுட்பம் அவருடைய ஸ்லைடில் துலக்கமாகக் கேட்கிறது. 1999-இல் டுவேனின் குழுவிலேயே உறுப்பினராகச் சேர்ந்து, 2014 அக்டோபரில் நியூயார்க்கின் பீக்கன் தியேட்டரில் அது நடத்திய கடைசி நிகழ்ச்சிவரை வாசித்தார். ஒரு மேடையில் பி.பி. கிங்கைக் கேட்ட சிறுவன், அந்தச் சிறுவனைத் தட்டில் கேட்ட இன்னொரு சிறுவன் என்று இந்தத் தொடர் நீள்கிறது.

கேட்கத் தொடங்க விரும்புபவர் முதலிலேயே 22 நிமிடப் பாட்டில் இறங்க வேண்டியதில்லை. ஃபில்மோர் தட்டின் முதல் பாடலான ‘ஸ்டேட்ஸ்போரோ புளூஸ்’ நான்கே நிமிடத்துக்குச் சற்று மேல்; தொடக்கத்திலேயே ஸ்லைடு பளிச்சென்று வந்துவிடும், பன்னிரண்டு பார் சுற்றை விரல்விட்டு எண்ணிப் பழகவும் அது ஏற்றது. எண்ணிக்கை பிடிபட்ட பிறகு ‘எலிசபெத் ரீட்’ பக்கம் போகலாம். அதை முதல் முறை கேட்கும்போது கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த முறை கிட்டாரை விட்டுவிட்டு ஓக்லியின் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். டுவேன் இறங்கும் இடங்களில் பேஸ் அவருக்கு முன்பே இறங்கத் தொடங்குகிறதா, பின்னால் இறங்குகிறதா என்று கவனித்துப் பாருங்கள். கைப்பேசியின் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது. ஒரு சுமாரான ஹெட்ஃபோனாவது வேண்டும்.